காசோலை திரும்பத் திரும்ப வருவது குறித்து

நியூ பெட்ஃபோர்டு
ஆகஸ்ட் 9

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய டியோலிண்டா அக்காவுக்கு,

தம்பி அமாரோ எழுதிக்கொள்வது. இங்கே நான், கிராஸா, மகள் லியனோர் மூவரும் சுகம். அங்கே கலிபோர்னியாவில், துலாரேயில் நீங்களும் உங்கள் முழங்காலும், மாடுகளும் மருமகளும் சுகமாக இருக்கப் பரிசுத்த ஆவியை வேண்டுகிறேன். மாடுகளை மருமகளுக்கு முன்னால் எழுதியது தற்செயல். அவளிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினால் அந்த வரியை விட்டுவிடவும்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்டது இது: "என்னடா அமாரோ, என் செக்கு என்ன, நீ எத்தி விளையாடற பந்தா? நான் அனுப்பறேன், நீ திருப்பி அனுப்பற. அப்புறம் நீயே வேணும்னு கேக்கற. அனுப்பினா மறுபடியும் திருப்பி அனுப்பற. செத்துப்போன மனுஷன் பேர்ல குடுக்கற காசுடா அது." நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவது முறையே வைத்திருப்பேன். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கென்று சொந்தக் கருத்து எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை, கீரை சூப்பு பாதி குடித்திருக்கும்போது, லியனோர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தனக்கு ராணுவத்தின் ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது என்றாள். கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சியும் எடுப்பது. படிப்புக் கட்டணம் முழுவதும் அவர்களுடையது, புத்தகத்துக்கும் தருவார்கள், மாதாமாதம் கைச்செலவுக்கும் தருவார்கள். படித்து முடித்ததும் அதிகாரியாகச் சில வருடங்கள் அவர்களிடம் வேலை பார்க்க வேண்டும். இதற்காக அவள் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் போட்டு, ஓடிக் காட்டி, தண்டால் எடுத்துக் காட்டி, ஒரு மேஜரிடம் நேர்முகமும் கொடுத்திருக்கிறாள். நாங்கள் அந்த நாட்களில் அவள் கூடைப்பந்து ஆடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கிராஸா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். பாத்திரங்கள் எல்லாம் மேஜை மேலேயே இருந்தன. அவள் எதைக் கழுவினாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் "நல்லது" என்று சொன்னேன். பிறகு இன்னொரு கிண்ணம் சூப்பு குடித்தேன்.

மறுநாளிலிருந்து நான் மற்ற உதவித்தொகைகளைத் தேடத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் இருபத்தொன்பது விண்ணப்பங்கள். துறைமுகத் தொழிலாளர் கடன் சங்கம், பந்துருட்டும் கழகம், மாதா கோயில் பெண்கள் குழு, நீங்கள் செராஃபிம் அத்தான் நினைவாக நம் பரிசுத்த ஆவி சங்கம் மூலம் வருடாவருடம் கொடுப்பது, இப்படி. இடக்கைக்காரர்களுக்கென்று ஒன்று இருந்தது. ஒரு வாரம் இடது கையால் சாப்பிட்டுப் பார் என்று லியனோரிடம் சொன்னேன். மறுத்துவிட்டாள். இறுதிச் சடங்கு நடத்தும் ஒரு நிறுவனமும் கொடுக்கிறது. அதற்கு 'ஓர் இறுதிச் சடங்கு என் வாழ்க்கையை மாற்றிய விதம்' என்று கட்டுரை எழுத வேண்டும்.

"அப்பா, எனக்குச் சாவு வீட்டைப் பத்தி என்ன தெரியும்?"

"செராஃபிம் மாமா சாவுக்கு கலிபோர்னியா வந்தியே."

"எனக்கு அப்ப ஒன்பது வயசு. அங்க நான் கேக் சாப்பிட்டது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

"அதை எழுது."

எழுதினாள். கிடைத்தது. அத்தானைப் பற்றி மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள். கேக்கைப் பற்றி இரண்டு பக்கம் வருகிறது.

இவ்வளவு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். கிராஸா கேட்டாள். ராணுவம்தான் எல்லாம் கொடுக்கிறதே, பிறகு எதற்கு இந்த அலைச்சல் என்றாள். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன். உங்களிடம் வேறொன்றைச் சொல்கிறேன், சொன்னதாக வைத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரியே லியனோருக்கு ஒரு மானியம் தருவதாக எழுதியிருந்தது. அந்த மானியத்தோடு இந்தச் சின்னச் சின்னத் தொகைகளையும், என்னிடம் இருப்பதையும் சேர்த்தால், ராணுவம் இல்லாமலே நான்கு வருடத்தையும் ஓட்டிவிடலாம் என்று வெல்டிங் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது சேர்ந்ததும் அவளிடம் காட்டி, இப்போது உனக்கு அந்தப் பணம் தேவையில்லை பார் என்று சொல்வதாக இருந்தேன். அவ்வளவுதான். நம் அப்பா, எர்மீனியோ அண்ணனுக்குப் பதினேழு வயதானபோது, நம் நாட்டுப் பட்டாளம் அவரைப் பிடித்து ஆப்பிரிக்கப் போருக்கு அனுப்பிவிடும் என்று பயந்து, இரண்டு மாட்டையும் விற்று நம்மையெல்லாம் கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு வந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். நான் அப்போது சிறுவன். எனக்குக் கப்பல்துறையில் வாந்தி எடுத்தது மட்டும்தான் நினைவு. ஆகையால் இதில் எனக்குக் கருத்து எதுவும் இல்லை.

மே மாதம் சங்கக் கூடத்தில் பரிசளிப்பு. லியனோரை ஆறு தடவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான்காவது தடவையிலிருந்து கைதட்டல் குறைந்தது. எனக்குப் பின்வரிசையில் மெடைரோஸ் அம்மா, அவர் மகள் ஃபிலோமினாவுக்கு ஒன்றுகூட வராத வருத்தத்தில், யாருக்கோ சொல்வதுபோல் எனக்குச் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு மேடையிலேயே ஒரு நாற்காலியப் போட்ருங்கப்பா, பாவம், ஏறி எறங்கிக் கால் வலிக்கும்." நான் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தேன். அன்றைக்கு வந்ததில் ஒன்றுதான் உங்கள் எண்ணூறு டாலர் காசோலை. பட்டறைச் சுவரில் அதையும் எழுதினேன்.

பத்து நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து ஒரு தாள் வந்தது. ராணுவம் படிப்புக் கட்டணத்தைக் கொடுப்பதால் தங்கள் மானியத்தில் பெரும்பகுதியை நிறுத்திக்கொள்வதாகவும், ஆறு வெளி உதவித்தொகைகளின் பொருட்டு மீதியையும் குறைப்பதாகவும் இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்தேன். பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டி நேரில் போனேன். நிதியுதவி அலுவலகத்தில் மிஸ் ஹாலோவே என்று ஓர் அம்மாள். நல்லவர். என் மாதிரி ஆட்களை நிறையப் பார்த்தவர் என்பது அவர் மேஜை மேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியின் அளவிலிருந்து தெரிந்தது. அவர் ஒரு காப்பிக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்தார்.

"இதுதான் உங்க பொண்ணோட ஒரு வருஷச் செலவு, சார். படிப்பு, தங்கறது, சாப்பாடு, புத்தகம், எல்லாம் சேத்து. யார் வேணா இதுல ஊத்தலாம். நிறைஞ்சதுக்கு மேல ஊத்த முடியாது. ராணுவம் வந்து முக்கால்வாசி ஊத்திடுச்சு. அப்புறம் நீங்க ஆறு பேரைக் கூட்டிட்டு வந்தீங்க. அதனால நாங்க எங்களோடத எடுத்துக்கிட்டோம்."

"பெரிய கோப்பையா ஒண்ணு குடுங்களேன்."

"அது சட்டம் குடுத்த கோப்பை சார்."

"அப்ப எங்க சங்கத்துல ஒரு டாலர் குடுத்தா, உங்களுக்கு ஒரு டாலர் மிச்சம்."

"அப்படியும் சொல்லலாம்."

"அப்ப பரிசு வாங்கினது யாரு? என் பொண்ணா, நீங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. எழுத்துல கேட்டீங்கன்னா வேற மாதிரி பதில் சொல்லணும், அதனால எழுத்துல கேக்காதீங்க" என்றார்.

பிறகு அவர் ஒவ்வொரு காசோலையாகப் பார்த்தார். உங்களுடையதைப் பார்த்ததும் நிறுத்தினார். அக்கா, நீங்கள் அதன் கீழ்க்கோட்டில் உங்கள் கையெழுத்தில், 'படிப்புக் கட்டணத்துக்கு மட்டும், உடுப்புக்கு அல்ல' என்று எழுதியிருந்தீர்கள். படிப்புக் கட்டணத்தைத்தான் ராணுவம் கட்டிவிட்டதே, கட்டணமே இல்லாத இடத்தில் கட்டணத்துக்கு மட்டும் என்ற பணத்தை எங்கே வைப்பது என்று கேட்டார். சாப்பாட்டுக்கு வைக்கலாமா என்றேன். கொடுத்தவர் சொல்லை மீற முடியாது என்றார். உங்களை அவருக்குத் தெரியாது, ஆனாலும் சரியாகச் சொன்னார். இப்படித்தான் உங்கள் காசோலையும், இறுதிச் சடங்குக்காரர்களுடையதும், மாதா கோயிலுடையதும் முதல் முறை திரும்பின. பட்டறைச் சுவரில் நான் கூட்ட எழுதிய ஒவ்வொன்றும் கழித்தலாகிக்கொண்டிருந்தது. சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

ஜூன் இரண்டாவது வாரம் ராணுவத்தின் மருத்துவக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. தூக்கத்தில் நடக்கும் வழக்கம் இருந்ததாகப் படிவத்தில் குறிப்பிட்டிருப்பதால் லியனோர் தகுதி பெறவில்லை என்றது அது. லியனோர் படிவத்தில் அப்படி எதையும் எழுதவில்லை. மருத்துவ வரலாற்றுப் பக்கத்தைக் கிராஸாதான் நிரப்பினாள். பதினான்கு வயதில் இரண்டு தடவை, நான் வேலைக்குக் கிளம்பும் விடியற்காலையில், லியனோர் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்று என் வண்டிக் கதவைத் திறக்கப் பார்த்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்குப் பஸ் போய்விடும் என்றாள். கண் திறந்திருந்தது, ஆனால் தூக்கம். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து படுக்க வைத்தேன். இது வெளியாருக்குத் தெரியாது.

"ஏன் எழுதின?" என்று கிராஸாவைக் கேட்டேன்.

"கேட்டிருந்தாங்க, எழுதினேன். கடவுளுக்கும் ராணுவத்துக்கும் நான் பொய் எழுதறதில்ல."

"வருமான வரிக்கு?"

"அது நீ எழுதறது."

அவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக முடியவில்லை. அடுத்த நாள் நான் விசிலடித்துக்கொண்டு வேலைக்கு வந்ததாகப் பட்டறையில் சொல்கிறார்கள். நான் பொதுவாக விசிலடிக்கிறவன் இல்லை. ராணுவம் இல்லையென்றால் கல்லூரி மானியம் முழுவதும் திரும்ப வரும் என்று மிஸ் ஹாலோவே தொலைபேசியில் உறுதி சொன்னார். ஆனால் இப்போது கோப்பையில் பெரிய பள்ளம், அதனால் திருப்பி அனுப்பிய காசோலைகள் எல்லாம் மறுபடி வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மாதா கோயிலில் சரி என்றார்கள். இறுதிச் சடங்கு நிறுவனத்தில் இருந்த பெண், "சார், போனதைத் திரும்பக் கேக்கறவங்க எங்க தொழில்ல இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல" என்றாள். உங்களுக்கும் எழுதினேன். அதுதான் அந்த இரண்டாவது கடிதம். அதில் கொஞ்சம் உற்சாகம் தெரிந்ததாகவும், நான் குடித்திருந்தேனோ என்று சந்தேகப்பட்டதாகவும் சொன்னீர்கள். குடிக்கவில்லை.

லியனோர் அழவில்லை. கதவைச் சாத்திக்கொள்ளவும் இல்லை. டாக்டரைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கினாள், மருத்துவக் குழுவுக்கு எழுதி அந்த விதியிலிருந்து விலக்குக் கேட்கும் முறையைத் தெரிந்துகொண்டாள். கடிதம் வந்த பதினெட்டாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பட்டறைக்கு வந்தாள். நான் சிப்பி வாரும் இரும்பு வலை ஒன்றுக்கு வளையம் வைத்துக்கொண்டிருந்தேன். கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தாள்.

"வீட்ல கூட இருக்கறவங்க ஒருத்தர் எழுதிக் குடுக்கணுமாம். பதினாலு வயசுக்கு அப்புறம் நான் தூக்கத்துல நடக்கலன்னு."

"அம்மாகிட்ட வாங்கிக்க."

"அம்மா ஆறரைக்கு எந்திரிக்கறாங்க. நாலு மணிக்கு எந்திரிக்கறது நீங்க ஒருத்தர்தான். தெரிஞ்சது உங்களுக்குத்தான்."

நான் கையுறையைக் கழற்றவில்லை. "உங்க தாத்தா எதுக்கு இந்த ஊருக்கு வந்தாருன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"எர்மீனியோ பெரியப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்றாரே. தாத்தா ஓடினது, பிடிச்சுட்டுப் போறவங்களுக்குப் பயந்துப்பா. என்னை யாரும் பிடிக்கல. நான் கேட்டு எழுதினேன், நான் ஓடிக் காட்டினேன். பாலம் கட்டறது யாரு, வெள்ளம் வந்தா முதல்ல போய் நிக்கறது யாருன்னு பார்த்துட்டுத்தான் எழுதினேன்."

"பாலம் இங்கயும் கட்டலாம்."

"கட்டலாம். அதுக்கு இப்ப உங்ககிட்ட நான் கேக்கல. பொய் எழுதச் சொல்லல, உள்ளதை எழுதச் சொல்றேன். உள்ளது உங்களுக்குப் பிடிக்கலன்னா, அது வேற விஷயம்." பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "நடந்தேன்னு நீங்க எழுதினாலும் அனுப்பிடுவேன். பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா, ஒரு வரிதான் எழுத வேண்டியிருந்தது. போன குளிர்காலத்தில் ஒரு தடவை பார்த்தேன் என்று எழுதினால் போதும், யாரும் கேட்கப் போவதில்லை, அவளும் பிரிக்கப் போவதில்லை. நான் கையுறையைக் கழற்றினேன். ரொட்டியைச் சாப்பிட்டேன். பிறகு, நான்கு வருடமாக வாரத்தில் ஆறு நாள் காலை நான்கு மணிக்கு நான் அந்த முற்றத்தைக் கடந்து போகிறேன், ஒரு தடவைகூட அவளை அங்கே பார்க்கவில்லை, ஒவ்வொரு நாளும் பார்த்தேன், அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். தாளில் கொஞ்சம் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. அவள் "தேங்க்ஸ்பா" என்றாள். நான் மறுபடி வேலையைத் தொடங்கினேன். அன்று வைத்த வளையங்களில் மூன்று இடம் மாறி இருந்ததாக அடுத்த நாள் முதலாளி காட்டினார்.

ஜூலை மூன்றாம் வாரம் விலக்குக் கிடைத்துவிட்டது. ஆக ராணுவம் திரும்ப வந்தது, கல்லூரி மானியம் திரும்பப் போனது, திரும்பக் கேட்டு வாங்கிய காசோலைகள் என் கையில் இருந்தன. இறுதிச் சடங்குக்காரர்களை மறுபடி எப்படிக் கூப்பிடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. கல்லூரிக்குப் போனேன். இந்த முறை கிராஸா மாவைப் பொரித்துச் சர்க்கரை தூவிய மலசாடா ஒரு பெட்டி நிறையக் கொடுத்தனுப்பினாள், யாருக்கு என்று சொல்லவில்லை. முதலில் ராணுவப் பயிற்சி அலுவலகம். லியனோரிடம் நேர்முகம் எடுத்த மேஜர் ரென்ஃப்ரோ அங்கேதான் இருக்கிறார். நான் கதையைச் சொன்னதும் அவர் மிகச் சாதாரணமாக, "சார், எங்க பணத்தைப் படிப்புக் கட்டணத்துக்கும் வச்சுக்கலாம், இல்ல தங்கல், சாப்பாட்டுக்கும் வச்சுக்கலாம். தங்கல், சாப்பாட்டுக்கு மாத்திட்டா, கட்டணத்துக்குக் காலேஜ் மானியத்தையும் உங்க சில்லறை ஸ்காலர்ஷிப்பையும் வச்சு அடைச்சுடலாமே" என்றார். ஐந்து மாதமாக இதை யாரும் சொல்லவில்லையே என்றேன். யாரும் கேட்கவில்லையே என்றார். ஆனால் நிதியுதவி அலுவலகம் மானியத்தைத் திரும்பக் கொடுப்பதாக முதலில் எழுதித் தர வேண்டுமாம்.

புல்வெளியைத் தாண்டி மிஸ் ஹாலோவேயிடம் போனேன். ராணுவம் முதலில் மாற்றி எழுதித் தந்தால் கொடுக்கலாம் என்றார். திரும்பி மேஜரிடம். அவர்கள் எழுதாமல் நாங்கள் எப்படி மாற்றுவது என்றார். திரும்பி மிஸ் ஹாலோவே. எந்தத் தேதியிட்டு என்று கேட்டு வரச் சொன்னார். இரண்டு அலுவலகமும் ஒன்றுக்கொன்று சன்னலிலிருந்து தெரியும். ஐந்தாவது தடவை கடக்கும்போது, புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்தி, "புதுசா வேலைக்குச் சேந்திருக்கீங்களா, எந்த ஆபீஸ்?" என்று விசாரித்தார். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயதும், வலது குதிகாலில் வலியும் இருந்தன. மேஜரிடம் போய், அந்த அம்மாள் வெளியே பெஞ்சில் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். மிஸ் ஹாலோவேயிடம் போய், மேஜர் பெஞ்சில் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். பிறகு வண்டியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சின் நடுவில் வைத்தேன். இரண்டு பொய்யும் ஒரே நிமிடத்தில் உண்மையாகிவிட்டன.

"நீங்கதான் ரென்ஃப்ரோவா? நாலு வருஷமா ஈமெயில்ல சண்டை போடறோம், இவ்வளவு உயரமா இருப்பீங்கன்னு நெனைக்கல."

"நீங்க இவ்வளவு சிரிப்பீங்கன்னு நானும் நெனைக்கல மேடம். இது என்ன பலகாரம்?"

பத்து நிமிடம். படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தேதிக்கு மேல் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. ராணுவம் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும், மானியமும் பந்துருட்டும் கழகமும் கடன் சங்கமும் மாதா கோயிலும் செத்தவர்களும் படிப்புக்கு. கோப்பை விளிம்புவரை நிறைந்தது. நிறைந்த பிறகு கையில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, உங்கள் காசோலை. அதையும் ஊற்றினால் கல்லூரி தன் எண்ணூறை எடுத்துக்கொள்ளும். அத்தான் பேரில் வரும் பணம் கல்லூரிக்கு லாபமாவதைவிட உங்களிடமே இருக்கட்டும் என்றுதான் மூன்றாவது கடிதத்தோடு திருப்பி அனுப்பினேன். அதில் காரணம் எழுத மறந்துவிட்டேன். அதற்கு மன்னிக்க வேண்டும்.

என் வேண்டுகோள் இது: அந்தத் தொகையை மெடைரோஸ் அம்மாவின் மகள் ஃபிலோமினாவுக்குக் கொடுத்துவிடுங்கள். நர்ஸிங் சேர்ந்திருக்கிறாள், அவளுக்கு ராணுவமும் இல்லை, ஒன்றும் இல்லை, கோப்பை காலியாக இருக்கிறது. நம் வீட்டு விஷயம் முடிந்துவிட்டது. இருபதாம் தேதி லியனோரைக் கொண்டுபோய் விடுகிறோம். நான்கு வருடப் படிப்பு, நான்கு வருடப் பணி, ஆக எட்டு வருடம் அவள் அரசாங்கத்தின் பிள்ளை. அதற்குப் பிறகு எனக்கு அறுபத்தாறு. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி யோசிக்க ஒன்றுமில்லை. கிராஸா அவளுக்குப் பதினான்கு ஜோடிக் காலுறை வாங்கி வைத்திருக்கிறாள். நான் அமைதியாக இருக்கிறேன்.

மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் முழங்காலுக்கு அந்தப் பச்சைத் தைலம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வாங்கி அனுப்புகிறேன். எங்கள் மூவருக்கும், முக்கியமாகக் கிளம்புகிறவளுக்கும், இருந்த இடத்திலிருந்தே உங்கள் ஆசியைத் தர வேண்டும்.

கை கூப்பும் தம்பி,
அமாரோ

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்க லியனோரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். எட்டு வருடம் என்ற இடம் வந்ததும், "யாரு சொன்னா?" என்றாள். எல்லாரும் சொன்னார்கள் என்றேன். உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்துவந்து பதினோராம் பக்கத்தைக் காட்டினாள். நான் பணம் வரும் பக்கங்களை மட்டும்தான் படித்திருந்தேன். முதல் வருடம் முழுக்க அவளுக்குக் கட்டாயம் எதுவும் இல்லையாம். வேண்டாம் என்று தோன்றினால் இரண்டாம் வருடம் தொடங்குவதற்கு முன் விட்டுவிட்டு வந்துவிடலாம். ஒரு டாலரும் திருப்பித் தர வேண்டாம், ஒரு நாளும் பணி செய்ய வேண்டாம். பிப்ரவரியிலிருந்து அவளுக்கு இது தெரியும். ஆகவே மேலே நான் எழுதியதில் எட்டு வருடம், அரசாங்கத்தின் பிள்ளை, முடிந்துவிட்டது ஆகிய சொற்களை அடித்துவிட்டு வாசிக்கவும். அமைதியாக இருக்கிறேன் என்பதையும் அடித்துவிடலாம், அது அப்போதும் சரியில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன்.

"ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல அஞ்சு தடவ நடந்தீங்க. என்னை ஒரு தடவகூட கேக்கலையேப்பா."

"சரி, இப்ப கேக்கறேன். ஒரு வருஷம் கழிச்சு வந்துடுவியா?"

"இப்ப எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வருஷம் கழிச்சுக் கேளுங்க."

கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன்.